இரண்டு காலிக் கட்டில்கள்

முதியோர் பராமரிப்பு இல்லங்களைத் தணிக்கை செய்யும் எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது காகிதமே கிடையாதாம். எல்லாம் டேப்லெட். ஒரு கேள்விக்குப் பதில் தட்டினால்தான் அடுத்த கேள்வி திறக்கும். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ரேவதி என்ற பெண் போன வாரம் ஃபோன் செய்தார்.

"அங்கிள், ஒரே ஒரு சந்தேகம். கட்டடத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி வருது. இந்த வருகை பத்தி யாருக்கெல்லாம் முன்னாடியே தெரியும், எப்படித் தெரியும்னு. பேஷண்ட் சேஃப்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஆஃபீஸ்ல கேட்டா உங்களைக் கேக்கச் சொல்லிட்டு சிரிக்கறாங்க."

சிரிப்பவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் அல்ல. ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்கு நேரம் குறிக்கும் பழக்கம் உண்டு. பழைய கப்பல்களின் பயணப் பதிவேடுகளைத் தேடித் தேடிப் படித்ததால் இளமையிலேயே தொற்றிக்கொண்ட பித்து. புயலில் பாய்மரம் முறிந்த நாளிலும் அந்த மனிதர்கள் காற்றின் திசையையும் மணியையும் எழுதி வைத்திருப்பார்கள். வளைகுடாவில் நான் கழித்த ஆண்டுகளெல்லாம் பாக்கெட் டைரிகளாக என் அலமாரியில் இருக்கின்றன. கீழே வரும் நேரங்கள் அவற்றிலிருந்து எடுத்தவை. ஆண்டையும் இல்லத்தின் பெயரையும் வேண்டுமென்றே விடுகிறேன். அந்த இல்லம் இப்போது இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் நர்சிங். வகுப்பில் நாங்கள் நான்கே ஆண்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை ஊசி போடுறவரா?" என்று ஒரு சித்தப்பா கேட்டது நாற்பது பேர் காதில் விழுந்தது. ரியாத்தில் ஒன்பது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவு, அங்கே பத்தா என்ற பேட்டையில் ஆறு பேர் கொண்ட அறை. பிறகு துபாய், கல்யாணம், பர் துபாயில் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட், ஒரு மகள். மருத்துவமனையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சில காலம் இருந்துவிட்டு, இந்தத் தணிக்கை நிறுவனத்துக்கு வந்தேன். வந்த பிறகுதான் வேலையைக் கற்றேன். கற்றுக்கொடுத்தவர் டாக்டர் ஹுதா.

அவர் சூடான் நாட்டவர். முதியோர் மருத்துவம் படித்தவர். நல்ல உயரம். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களிடம் ஆங்கிலத்தில் பேசுவார். நடுவில் அரபியும், கேண்டீனில் கற்ற இந்தியும் வந்து விழும். ஓர் இல்லத்துக்குள் நுழைந்ததும் நடைவழியில் ஐந்து நிமிடம் பேசாமல் நிற்பார். வரவேற்பில் பேரீச்சம்பழமும் காவா என்ற அரபுக் காப்பியும் நீட்டுவார்கள். தொடமாட்டார். தண்ணீர்கூட எங்கள் காரிலிருந்துதான். அந்த ஐந்து நிமிடம் அவருடைய மூக்குக்கானது. சிறுநீர் வாடை இருந்தால் பரவாயில்லை, இது முதியோர் இல்லம் என்பார். எந்த வாடையும் இல்லாமல் வாசனைத் திரவியம் மட்டும் அடித்தால் அவர் முகம் மாறும்.

அடுத்து அழைப்பு மணி. ஏதாவது ஒரு கட்டிலருகே உள்ள பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். யாராவது வந்து சேரும்வரை நான் நொடிகளை எண்ண வேண்டும். அடுத்து குதிகால். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் போர்வையைக் கால் பக்கம் மட்டும் விலக்கி, காலுறையைக் கழற்றி, தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார். படுக்கைப் புண் பலருக்கு அங்கேதான் தொடங்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. ரெஜிஸ்டர்களை மதியத்துக்கு மேல்தான் தொடுவார்.

என் முதல் மாதத்தில் நடந்தது. படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, ஒரு தாளில் நர்ஸ் கையெழுத்திட வேண்டும். நான் பார்த்தபோது மணி ஒன்றேகால். தாளில் நான்கு மணி வரைக்கும் கையெழுத்து இருந்தது. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஓடிப்போய் டாக்டர் ஹுதாவிடம் நீட்டினேன். அவர் தாளை வாங்கவே இல்லை.

"நோயாளி இப்போது எந்தப் பக்கம் படுத்திருக்கிறார்?"

நான் கவனித்திருக்கவில்லை.

"தாளுக்கு முதுகு வலிக்காது, பாய். போய் அவரைப் பார்."

போய்ப் பார்த்தேன். புண் இருந்த பக்கத்திலேயே படுத்திருந்தார். அன்றிலிருந்து பொய்யான தாளைக் கண்டால் எனக்கு முன்பிருந்த துப்பறியும் சந்தோஷம் வருவதில்லை. தாளுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்ற பயம்தான் வரும்.

அவருடைய இன்னொரு பழக்கம் ரகசியம். எங்கள் தணிக்கை முன்னறிவிப்பு இல்லாதது. குழுவில் இருப்பவர்களுக்கும் எந்த இல்லம் என்பது காரில் ஏறிய பிறகுதான் தெரியும். நான் கார் ஓட்டுவதால் எனக்கு மட்டும் முதல்நாள் மதியம் சொல்வார். "உன் மனைவிக்கும் சொல்லாதே." சொன்னதில்லை. "ஏதோ உளவுத்துறையில வேலை பாக்குற மாதிரி பண்றீங்க, கடைசியில போய் ஆயாம்மாக்களோட காலைத்தானே பாக்குறீங்க" என்பாள் என் மனைவி.

இனி அந்த ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமை.

அந்த இல்லம் நகருக்கு வெளியே, மதிலும் காவலும் உள்ள ஒரு பெரிய வளாகத்தில் இருந்தது. உள்ளே மருத்துவ நிலையங்கள், கிடங்குகள், ஒரு பள்ளி. முந்தைய முறை போனபோது கேட்டில் எங்களை நாற்பத்திரண்டு நிமிடம் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் உள்ளே போவதற்குள் இல்லம் பளபளவென்று இருந்தது. அதனால் இந்த முறை நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். திங்கள்கிழமை மாலை 4:12க்கு வளாகத்தின் இணையதளத்தில் கேட் பாஸுக்கு விண்ணப்பித்தேன். கார் எண், வரும் நேரம், செல்லுமிடம். செல்லுமிடத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிடத்தில் பாஸ் வந்துவிட்டது. டாக்டரிடம் சொல்லவில்லை. காலையில் தடையில்லாமல் உள்ளே போகும்போது சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று வைத்திருந்தேன்.

காலை 9:20க்கு கேட்டைத் தாண்டினோம். காரின் வெப்பமானி 41 காட்டியது. நான் பாஸைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "சுலபமாக விட்டுவிட்டார்களே" என்றார். அந்தச் சொல் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நடைவழியில் ஐந்து நிமிடம் நின்றோம். ரோஜா வாசனை மட்டும். நர்சிங் பொறுப்பாளர் விஜயா சிஸ்டர் வந்து வணங்கினார். நாகர்கோவில்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மேனேஜர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "சார் நம்ம ஊர்ப் பக்கமா? அப்ப கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்று சிரித்தார். சிரிக்கும்போது அவர் கை, கழுத்தில் தொங்கிய பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இருபத்தைந்து கட்டில்கள். இருபத்து மூன்று பேர். நான்காம் அறையிலும் பதினோராம் அறையிலும் கட்டில் காலி. விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. ரெஜிஸ்டரில் இருவர் பெயருக்கும் எதிரே "மருத்துவமனை அப்பாயிண்ட்மெண்ட்" என்று இருந்தது. இது சாதாரண விஷயம். நானும் சாதாரணமாகத்தான் அடுத்த அறைக்குப் போனேன். 10:22க்கு கோப்பு அலமாரியைக் கடந்தபோதுதான் நின்றேன்.

ஒரு நோயாளி மருத்துவமனைக்குப் போனால் அவரோடு மூன்று போக வேண்டும். அவருடைய கோப்பு, மருந்துப் பட்டியல், ஒரு நர்ஸ். நான்கு, பதினொன்று ஆகிய இரு கோப்புகளும் அலமாரியில் இருந்தன. மருந்துப் பட்டியல்கள் கோப்புகளுக்குள் இருந்தன.

"சிஸ்டர், இவங்க கூட யார் போனது?"

"ஸ்டாஃப் நர்ஸ் சார்."

"பேரு?"

அவர் டியூட்டி சார்ட்டைப் பார்த்தார்.

"சார்ட்ல ஆறு பேர். ஆறு பேரையும் வார்டுல எண்ணிட்டேன் சிஸ்டர். ஏழாவது நீங்க."

நான் பதினோராம் கோப்பைத் திறந்தேன். தட்சிணாமூர்த்தி, எழுபத்தெட்டு வயது, பக்கவாதம், பேச்சு இல்லை. கும்பகோணத்தில் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மகனோடு இருக்க வந்தவர். அதற்குக் கீழே, சிவப்பு மையில்: ஆக்ஸிஜன், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர், இடைவிடாமல்.

கட்டிலருகே மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரம் அணைந்து கிடந்தது. அது ப்ளக்கை விட்டு நகராது. அப்படியானால் சிலிண்டர் கொடுத்திருக்க வேண்டும். ஸ்டோர் அறைக்கு ஓடினேன். சிறிய சிலிண்டர்களுக்கான நான்கு தாங்கிகளில் ஒன்று காலி. அந்த அளவுச் சிலிண்டர் முழுதாக இருந்தால், இரண்டு லிட்டர் வீதம், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வரும். சுவரில் தொங்கிய தாளில் தினமும் சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்த்து எழுத வேண்டும். பதினான்கு நாட்களுக்கும் "முழு" என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியிருந்தது. மீதமிருந்த மூன்று சிலிண்டர்களின் முள்ளைப் பார்த்தேன். ஒன்று கால் பங்கு. ஒன்று பாதி. ஒன்று காலி.

திரும்பியபோது விஜயா சிஸ்டர் கதவருகே நின்றார்.

"சார், நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டு பேருக்கும் முதுகுல புண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்கு. இன்ஸ்பெக்ஷன்ல பாத்தா லைசன்ஸ் போயிரும்னு மேனேஜர் சொன்னாரு. வேன்ல ஏத்தி ஒரு ரெண்டு மூணு மணி நேரம் ரவுண்டு அடிச்சிட்டு வரட்டும், ஏசி வண்டிதானேன்னாரு. என் விசா அவர் கையில இருக்கு சார். ஊர்ல ரெண்டு பிள்ளைங்க காலேஜ் படிக்குது. நான் என்ன செய்யட்டும்?"

"எத்தனை மணிக்குப் போனாங்க?"

"எட்டு நாப்பது."

"நாங்க வர்றது எப்படித் தெரியும்?"

அவர் தன் ஃபோனை நீட்டினார். ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் அனுப்பிய படம். வளாகத்தின் கணினி, கேட் பாஸ் வழங்கியதும், செல்லுமிடத்துக்குத் தானாக அனுப்பும் குறுஞ்செய்தி. "நாளை காலை 9:00 முதல் உங்களுக்கு ஒரு வருகையாளர்." கீழே என் பெயர், நிறுவனத்தின் பெயர், கார் எண். நேரம் 4:13. எட்டு வருடமாக ஓட்டும் காரின் எண்ணை யாரோ முன்பின் தெரியாதவனுடைய எண்ணைப் போல ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன்.

டாக்டர் ஹுதா ஏழாம் அறையில் ஒரு மூதாட்டியின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன், புண், சிலிண்டர், கேட் பாஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடைசியில், "நான்தான் தெரியப்படுத்தினேன்" என்றேன். அவர் அந்த மூதாட்டிக்குக் காலுறையை மாட்டிவிட்டு, போர்வையை இழுத்து மூடிய பிறகுதான் எழுந்தார்.

"இப்போது மணி?"

"பத்து முப்பத்தொன்று."

"கேட் பாஸைப் பிறகு எழுதுவோம். யல்லா, சீக்கிரம். வண்டி எங்கே?"

எங்கே என்பது யாருக்கும் தெரியவில்லை. மேனேஜரின் ஃபோன் அணைந்திருந்தது. வேன் டிரைவரின் எண் அடித்தது, எடுக்கவில்லை. விஜயா சிஸ்டர் தன் ஃபோனிலிருந்து அழைத்தார். அதையும் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டான் சார். என் ஃபோனைத் தவிர எதையும் எடுக்காதே, எடுத்தா மாட்டிக்குவேன்னு மேனேஜர் சொல்லி அனுப்பிச்சிருக்காரு."

"கூட யாரு?"

"ஒரு நேப்பாளப் பொண்ணு. வேலைக்கு வந்து மூணு வாரம். சிலிண்டர்லாம் தெரியாது."

டாக்டர் ஆம்புலன்ஸையும் போலீஸையும் அழைத்து வேனின் எண்ணைச் சொன்னார். எந்தச் சாலை என்று கேட்டார்கள். தெரியாது என்று அவர் சொன்னபோது மறுமுனையில் அதை இரண்டாவது முறையும் கேட்டார்கள்.

"டிரைவருக்கு எந்த மொழி?" என்று என்னிடம் திரும்பினார்.

"தமிழ். முதுகுளத்தூர் பக்கம், முருகேசன்னு பேரு" என்றார் விஜயா சிஸ்டர்.

ஃபோனை எடுக்காதவனும் வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவைக் கேட்பான். இங்கே தொழிலாளர் கேம்பில் இருக்கும் நம் ஆட்கள் மனைவியோடு குடும்பம் நடத்துவதே அதில்தான். 10:37க்கு அழுத்திப் பிடித்துப் பேசினேன்.

"முருகேசன் தம்பி, என் பேரு பரமசிவம். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆளுதான். உங்களை மாட்டிவிடப் பேசல. பதினொண்ணாம் ரூம் ஐயாவோட சிலிண்டர் தீந்திருக்கும். வண்டியை ஓரமா நிறுத்திட்டு, திரும்பி அவரைப் பாருங்க. உதடு என்ன கலர்ல இருக்குன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

போய்ச் சேர்ந்தது என்பதற்கு இரண்டு சாம்பல் நிறக் குறிகள் வந்தன. கேட்டுவிட்டால் அவை நீலமாகும். ஆகவில்லை.

அந்தப் பன்னிரண்டு நிமிடங்களைப் போல நீளமான நேரம் என் டைரிகளில் வேறு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவனுக்கு மரணம் புதிதல்ல. அங்கே ஆள் கண்முன் இருப்பார், கைக்கு வேலை இருக்கும். இங்கே அவர் ஏதோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தெரியவில்லை. வேனின் ஏசி நின்றால்? வண்டியை வெயிலில் விட்டுவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தால்? நர்ஸுகள் ஆறு பேரும் நடைவழியில் சுவரோரம் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரோஜா வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

டாக்டர் ஹுதா எட்டாம் அறைக்குள் போனார். எனக்குக் கோபமே வந்தது.

"டாக்டர், இப்போதா?"

"இங்கே இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். நீ ஃபோனைப் பார்" என்று டார்ச்சை எடுத்தார். அவர் மண்டியிடும்போது ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். அதற்கு முன் அவர் எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

10:49க்கு குறிகள் நீலமாயின. உடனே ஃபோன் அடித்தது.

"அண்ணே, முருகேசன் பேசுறேன். என்னமோ சொல்றீங்க, ஐயா நல்லாத்தாண்ணே தூங்குறாரு. காலையில வரும்போது புஸ்ஸு புஸ்ஸுன்னு இரைச்சிக்கிட்டே வந்தாரு. அப்புறம் அமைதியாயிட்டாரு. ஒரு மணி நேரமா சத்தமே இல்ல. அதான் எழுப்பல."

"தம்பி, உதட்டைப் பாருங்க."

கதவு உருளும் சத்தம். பிறகு முருகேசன் குரல் மாறிப் பேசினார்.

"அண்ணே, நாவப்பழம் தின்ன மாதிரி இருக்குண்ணே."

"சிலிண்டர் தலையில ஒரு மீட்டர் இருக்கும். முள் எங்க நிக்குது?"

"நிக்கலண்ணே, அடியில படுத்துக் கெடக்கு."

"நெஞ்சு ஏறி எறங்குதா?"

"தெரியலையே. இஞ்சின் ஓடுதுல்ல, வண்டி ஆடுது. அவரும் ஆடுறாரு."

"இஞ்சினை அணைங்க."

"ஏசி நின்னுருமேண்ணே. வெளிய நெருப்பா கொட்டுது."

"ஒரே நிமிஷம். அணைச்சிட்டு, கையை அவர் நெஞ்சுல வைங்க."

இஞ்சின் நின்றது கேட்டது. நான் எண்ணினேன். ஏழு வரை எண்ணியது நினைவிருக்கிறது.

"இருக்கு. அண்ணே, இருக்கு. கொஞ்சூண்டு இருக்கு."

இஞ்சினைப் போடச் சொன்னேன். சாய்த்து உட்காரவைத்து, தாடையை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். நேப்பாளப் பெண்ணுக்கு அவர் இந்தியில் சொன்னது கேட்டது. "ஊப்பர், ஊப்பர், ஜல்தி." லொகேஷன் அனுப்பச் சொன்னேன். சோனாப்பூர். வேறெங்கே போவதென்று தெரியாமல், தான் தங்கியிருக்கும் கேம்பின் மதில் நிழலில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தியிருக்கிறார். டாக்டர் அந்த இடத்தை ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நான் ஃபோனை வைக்கவில்லை. நான்காம் அறை அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அழுகிறார், தண்ணீர் கேட்கிறார் என்றார். அழுகிறார் என்பது அன்று நான் கேட்ட முதல் நல்ல செய்தி.

"அண்ணே, என் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்களாண்ணே?"

"தாடையை விட்டுறாதீங்க தம்பி."

"விடலண்ணே. பிடிச்சிருக்கேன். சொல்லுங்கண்ணே, அனுப்பிருவாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். 11:04க்கு ஃபோன் வழியாகச் சைரன் கேட்டது. அதுவரை அவர் என்னிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தார், நானும் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினோம் என்று டைரியில் இல்லை.

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தோம். தகவல் எப்படிக் கசிந்தது என்ற இடத்தில் டாக்டர் தன் விரலை வைத்து, மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். என் பெயரையும் 4:12ஐயும் நானே தட்டினேன். அவர் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "இதனால் உன் வேலை போனால் நான் கடிதம் எழுதுவேன். ஆனால் இது இங்கேயே இருக்கும்" என்றார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். வேலை போனால் விசா போகும், விசா போனால் பள்ளி போகும். மூன்று வாரம் அந்தப் பயத்தோடு இருந்தேன். எழுத்துமூலம் எச்சரித்து என்னை வைத்துக்கொண்டார்கள். ரேவதி கேட்ட கேள்வியை அதன் பிறகுதான் படிவத்தில் சேர்த்தார்கள். இல்லத்தின் உரிமம் ரத்தானது. மற்ற இருபத்து மூன்று பேரும் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். நான்காம் அறை அம்மா தேறினார். விஜயா சிஸ்டர் என்ன ஆனார் என்று விசாரித்தும் தெரியவில்லை. முருகேசனை ஊருக்கு அனுப்பத்தான் செய்தார்கள். பதினோராம் அறைப் பெரியவர் அந்தச் செவ்வாய்க்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார்.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அது அறிக்கையில் இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை பெரியவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். போகக் கூடாது, குடும்பத்தோடு பேசக் கூடாது என்று எங்கள் சட்டப் பிரிவு சொல்லியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மகன் ஸ்ரீதர் உட்கார்ந்திருந்தார். கட்டுமான நிறுவனத்தில் இன்ஜினியர். நான் யாரென்று சொன்னதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹோம்ல சொன்னாங்க சார். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற வழியில திடீர்னு முடியாம போச்சு, நீங்கதான் ஃபோன்ல வழிகாட்டினீங்கன்னு. ரொம்பத் தேங்க்ஸ் சார்."

கையை விடுவித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். புண்ணை, மறைத்ததை, சிலிண்டரை, என் கேட் பாஸை. கேட்டு முடித்ததும் அவர், "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவேன் சார். போர்வையை அழகா இழுத்து மூடி, நெத்தியில விபூதிகூட வச்சுவிட்டிருப்பாங்க. நல்லாப் பாத்துக்கறாங்கன்னு நெனச்சேன். நான் அந்தப் போர்வையைத் தூக்கிப் பாத்ததே இல்ல" என்றார்.

பிறகு கேட்டார். "ஆக்ஸிஜன் இல்லாம எவ்வளவு நேரம் இருந்தார்?"

பழக்கதோஷத்தில் டைரியைத் திறந்துவிட்டேன். கிளம்பியது 8:40. முள் அடியில் கிடந்ததைப் பார்த்தது 10:49. சிலிண்டர் நிஜமாகவே முழுதாக இருந்திருந்தால் ஒன்பது பத்து நிமிடம். பாதியாக இருந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். எழுதி வைக்க வேண்டியவர்கள் பார்க்காமலே எழுதியிருந்தார்கள்.

"தெரியாது" என்றேன்.

"பத்து நிமிஷம் இருக்குமா?" கேட்ட விதத்திலேயே, பத்து என்று சொல்லிவிடுங்கள் என்ற கெஞ்சல் இருந்தது. சொல்லியிருக்கலாம். யாரும் என்னைப் பொய்யன் என்று நிரூபித்திருக்க முடியாது.

"ஒரு மணி நேரமா சத்தம் இல்லன்னு டிரைவர் சொன்னார் சார்."

அவர் தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "இப்ப எங்கிட்ட சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீங்களா?"

சட்டப் பிரிவின் குரல் காதில் ஓடியது. வீட்டில் மகள் ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். கேட் பாஸ் கேட்டது நான் என்பதில் தொடங்கி, நடுவில் உள்ள நேரம் தெரியாது என்பது வரை. தேதி போட்டேன். அவர் படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் கிளம்ப எழுந்தேன்.

"உள்ள வந்து அப்பாவைப் பாத்துட்டுப் போங்க சார்" என்று கதவைத் திறந்து பிடித்தார்.

எத்தனையோ படுக்கைகளருகே பயமில்லாமல் நின்றவன் நான். அந்த வாசலில் நின்றுவிட்டேன். அவர் கதவை விடவில்லை. போனேன்.

பெரியவர் விழித்திருந்தார். அதுவரை நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.